பல்பு தின்ற கறுப்பு

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் கூரையைத்தான் பார்ப்பார். மனிதர்கள் பிறகு. விளக்கு எங்கே தொங்குகிறது, அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து முடித்த பின்னரே, வாசலில் வரவேற்றவருக்கு அவரிடமிருந்து ஒரு வணக்கம் கிடைக்கும். கல்யாணப் பந்தியில் பெட்ரோமாக்ஸுக்கு அடியில் இலை போட்டால் சத்தமில்லாமல் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார். வேட்டி கெட்டுவிடுமாம். வெள்ளை வேட்டி இனி எங்கே வெளுக்கப் போகிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"வெளுக்காது தம்பி. பழுத்துப் போவும்" என்றார்.

மலாயாவின் வடக்கே, குருணுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அதில் வெள்ளைக்காரத் துரையின் கறுப்புக் காரை ஓட்டியவர் அவர். தோட்டத்தில் எல்லோருக்கும் டிரைவரண்ணன். நான் அதே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி. அதாவது, பெரிய கிராணிக்குச் செய்யப் பிடிக்காத எழுத்து வேலைகளையெல்லாம் செய்கிறவன். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு விதிப்புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதை மேசைக் கால் ஆடாமலிருக்க முட்டாக வைத்திருந்தார்கள். நான் மனப்பாடம் செய்தேன். ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆன பிறகும், தோட்டத்து ஏணி ஒன்றை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு மாற்ற யார் யார் கையெழுத்து வேண்டும் என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் கார் நிற்கும் மோட்டார் செட் என்ற கொட்டகை, ரப்பர் பால் உறையவைக்கும் தொழிற்சாலையை ஒட்டினாற்போல் இருந்தது. தொழிற்சாலை இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் செட்டுக்கும் மின்சாரம் வரும். செட்டில் ஒரே ஒரு பல்பு. அந்தப் பல்பும் அவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்பது அவர் கட்சி. துரை பார்க்காத நேரத்தில் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாமான்களைச் சரிபார்க்க நான் போவேன். "பல்பு எங்கண்ணே?" என்றால் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். 'இருக்கிறது' என்று எழுதிக்கொள்வேன். எங்கே இருக்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

"வெயிலு திங்கும், வெளக்கு நக்கும்" என்பது அவர் கண்டுபிடிப்பு. வெயில் தின்பது கண்ணுக்குத் தெரியும், அதனால் காரை நிழலில் நிறுத்திவிடலாம். விளக்கு நக்குவது தெரியாது. ஒரு நாள் துணி போட்டுத் துடைக்கும்போதுதான் கறுப்பு கறுப்பாக இல்லை என்று தெரியும். இதற்கு ஆதாரம், அலோர் ஸ்டாரில் ஒரு ஜவுளிக்கடையில் பல்புக்குக் கீழே தொங்கிய சிவப்புப் புடவை. ஆறு மாதத்தில் அது தேங்காய்ப்பூ நிறத்துக்கு வந்ததைத் தன் கண்ணால் பார்த்தாராம்.

"அது கடை வாசல் வழியா வந்த வெயில் அண்ணே" என்றேன்.

"கடை வடக்கப் பாத்த கடை."

"கண்ணாடியில பட்டுத் திரும்பி வந்திருக்கும்."

"நீ படிச்சவன் தம்பி. நான் பாத்தவன்" என்று சொல்லிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தார். ஏழு தடவை துவைத்து மெல்லிசான பழைய வேட்டித் துண்டு அது. காரை வேறு யாரும் தொட முடியாது. துரையே கதவைத் திறந்துகொண்டு ஏறினால் அவர் முகம் சுருங்கும். விரல் ரேகை விழுந்துவிடுகிறதே.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பாதி நாள் அந்த வீட்டில்தான் சாப்பாடு. "இந்த மனுஷன் என்னை ஒரு நாளாச்சும் இப்படித் தொடச்சிருப்பாரா, கேளு தம்பி" என்பார் அக்கா. "நீ வெயில்லயே நிக்கிறவ, ஒன்னத் தொடச்சு என்னா பண்ண" என்று பதில் வரும். அவர்களுக்கு வெகுகாலம் கழித்து ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அப்பாவைப் போலவே நல்ல கறுப்பு. யாரோ குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் நிறத்தைப் பற்றி இழுத்துப் பேசியபோது, அவர் மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கித் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கறுப்பு எந்தச் சாயக் கம்பெனியிலயும் கெடைக்காது. வெளக்கக் கிட்ட கொண்டாந்து கெடுத்துராதீங்க."

ஜப்பான்காரன் வடக்கிலிருந்து பெரிய சாலை வழியாக இறங்கி வந்த வாரத்தில் துரை தெற்கே ஓடினார். நண்பருடைய காரில் இடம் கிடைத்தது. போகுமுன் டிரைவரண்ணன் கையில் ஒரு சம்மட்டியைக் கொடுத்து, எதிரிக்குப் பயன்படாதபடி இன்ஜினை உடைத்துவிடச் சொன்னார். மேலிடத்து உத்தரவு. இவர் சம்மட்டியை வாங்கிக்கொண்டு செட்டுக்குள் போனார், ஜன்னல்களில் கோணிச்சாக்கை அடித்தார், காரின் மேல் இன்னொரு சாக்கை விரித்தார், கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"உடைக்கலியா அண்ணே?"

"உள்ள வெளிச்சம் பத்தல தம்பி" என்றார்.

பிறகு வந்த ஜப்பான் துரை சிப்பாய் அல்ல. சண்டைக்கு முன் தைப்பிங்கில் பல வருடம் போட்டோக் கடை வைத்திருந்தவர். மலாய் நன்றாகப் பேசுவார். குள்ளமான, இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர். தோட்டத்துக் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னார். இருட்டிலேயே எழுந்து பெயர் கொடுத்துவிட்டு, பால் வெட்ட வெளிச்சம் வருவதற்காக எல்லோரும் மரத்தடியில் காத்திருந்தார்கள். உத்தரவு உத்தரவுதான். நானே எழுதி ஒட்டினேன்.

கறுப்புக் காரைக் கண்டதும் அவருக்கு மகிழ்ச்சி. இருட்டுச் செட்டைக் கண்டதும் சந்தேகம். டயருக்குப் பஞ்சம் வந்திருந்த காலம். ஒரு டயருக்காக ஆளை வெட்டுவார்கள். செட்டுக்குள் எப்போதும் பல்பு எரிய வேண்டும், காவலாள் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கூரையின் நடுவில் இருந்த பல்பை இறக்கி, காரின் முன்பக்க மூடிக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் தொங்கவிட்டார்கள்.

டிரைவரண்ணன் மூன்று தடவை குனிந்து வணங்கி, மலாயில் கேட்டுப் பார்த்தார். "துவான், கொஞ்சம் தள்ளி மாட்டலாம்." துவான் என்றால் துரை. துரை காதில் விழாதது போலப் போய்விட்டார். அன்று முழுக்க இவர் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார். சாப்பிட இருந்தது மரவள்ளிக் கிழங்குதான், அதனால் பெரிய இழப்பில்லை என்று நான் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் நான் வருகிறேன்.

ரப்பர் பால் உறைய அமிலம் ஊற்ற வேண்டும். ஆள் இடுப்பு உயரக் கண்ணாடி ஜாடியில், பிரம்புக் கூடைக்குள் வைத்து வரும். தோட்டத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஜாடி. குருண் சண்டையில் குண்டுச் சிதறல் விழுந்து அமிலக் கிடங்கின் கூரை பிய்ந்திருந்தது. விதிப்புத்தகம் என்ன சொல்கிறது? அமிலம் கூரைக்குக் கீழே, பூட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். கூரையும் பூட்டும் ஒழுங்காக இருந்த ஒரே கட்டடம் மோட்டார் செட். பெரிய கிராணி காய்ச்சலில் படுத்திருந்தார். நானே ஆள் வைத்து ஜாடியைத் தூக்கிக் காருக்கு முன்னால் செட்டின் மூலையில் வைத்தேன். மூடி உடைந்திருந்ததால் வாயில் துணியை அடைத்தேன். அடுத்த வரியில், உலோகச் சாமான்களுக்கு அருகில் வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அந்த வரியும் எனக்கு மனப்பாடம்தான். முதல் வரியைக் கடைப்பிடித்ததில் எனக்குத் திருப்தி வந்துவிட்டது.

"தம்பி, மூக்கு எரியுது. இத வேற எங்கியாச்சும் கொண்டு போ" என்றார் டிரைவரண்ணன்.

"வேற எங்கண்ணே பூட்டு இருக்கு?"

"காடிக்கு ஆவாது தம்பி." கார் எங்கள் பேச்சில் காடிதான்.

"ஒங்க காடிக்கு எதுதான் ஆவும்? வெயிலு ஆவாது, வெளக்கு ஆவாது. நாளைக்கு நெலா ஆவாதும்பீங்க."

அவர் சிரித்துவிட்டார். ஜாடியின் வாயில் இன்னொரு துணியைக் கட்டினார். அத்தோடு நான் மறந்துபோனேன்.

அந்த மாதங்களில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதல் தடவை போனவர்கள் மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று நம்பிப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அதனால் இரண்டாவது தடவை பட்டியல் கேட்டபோது அது என்ன பட்டியல் என்று தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒவ்வொன்றுக்கும் இத்தனை பேர் என்று பெயர் எழுதுவது என் வேலை. ஆபீசில் இருந்தவர்களுக்கும் டிரைவருக்கும் விலக்கு உண்டு. பட்டியலில் கடைசி வரி ஒன்று காலியாகவே இருந்தது. ஜப்பான் துரை தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு பெரிய ராணுவ அதிகாரி வருகிறார், கறுப்புக் கார்தான் அவரை அழைத்துவர வேண்டும் என்று செய்தி வந்தது. முந்திய நாள் பிற்பகல் துடைக்கப் போன டிரைவரண்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். முன்பக்க மூடியில் ஒரு முறம் அகலத்துக்குச் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. காரின் முன்விளக்கைச் சுற்றிய நிக்கல் வளையத்தில் பச்சை ஏறியிருந்தது. அவர் துணியால் ஒரு தடவை தேய்த்தார். போகவில்லை. அண்ணாந்து பல்பைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார். அங்கே பார்த்தபோது என்னைப் பார்க்கவில்லை.

"சரி, நீ போ தம்பி" என்றார்.

மறுநாள் காலை எங்களைச் செட்டுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். டிரைவரண்ணன், காவலாள், இன்ஜின்காரர், பொருள்களுக்குப் பொறுப்பான நான். ஜப்பான் துரை சாம்பல் பூத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கோபத்தில் அவர் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. காரைக் கெடுத்தவன் எவனோ அவன்தான் பட்டியலின் கடைசிப் பெயர் என்றார். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து மலாயில் ஒரே சொல்லைக் கேட்டுக்கொண்டு வந்தார். "சியாபா?" யார்?

நான் மூலையைப் பார்த்தேன். ஜாடி இல்லை. அது இருந்த இடத்தில் தரை கழுவி விடப்பட்டிருந்தது.

"சியாபா?"

"லம்பு, துவான்" என்றார் டிரைவரண்ணன். விளக்கு.

காவலாளுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. விளக்கு அங்கே தொங்குவது துரையின் உத்தரவு. அறை விழுந்தது. தொப்பி கழன்று விழ, அதை எடுக்காமல் இவர் தொடர்ந்து பேசினார். வெயில் தின்னும், விளக்கு நக்கும் என்பதை அவருடைய ஓட்டை மலாயில் சொன்னார். பிறகு, "துவான் கடையில, வெளிச்சம் படற எடத்துல மாட்டின போட்டோ என்னா ஆவும் துவான்?" என்று கேட்டார்.

ஜப்பான் துரை நின்றார். பல்பின் அருகே கையை நீட்டினார், சூடு பட்டு இழுத்துக்கொண்டார். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். போட்டோக் கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் நம்பிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் டிரைவரண்ணனின் கொள்கையை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் அவர்தான்.

ஆனால் விளக்கைச் சயாமுக்கு அனுப்ப முடியாது. விளக்கை மாட்டச் சொன்னவரையும் அனுப்ப முடியாது. கார் கெடுவதைப் பார்த்தும் விளக்கை அணைக்காதவன் யார், சாவி வைத்திருப்பவன் யார் என்று கேள்வி திரும்பியது. முறைப்படி பார்த்தால் சரியான கேள்விதான். சாவி டிரைவரண்ணன் இடுப்பில் இருந்தது.

ஜாடியைப் பிறகு கண்டேன். தொழிற்சாலைக்குப் பின்னால் சாக்கடையோரம், வாழை மட்டைகளுக்கு அடியில், வாயில் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் கனத்தை இரண்டு பேர் தூக்க வேண்டும். விடியுமுன் அவர் தனியாகத் தூக்கியிருக்கிறார்.

பட்டியலில் பெயர் எழுத அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஊர், வயது, தொழில் என்று நான் கேட்க வேண்டும், அவர் சொல்ல வேண்டும். எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான், ஆனாலும் கேட்டேன். தொழில் என்ற இடத்தில் எல்லோருக்கும் கூலி என்று போடுவது வழக்கம்.

"டிரைவர்னு போடு தம்பி" என்றார்.

போட்டேன். "அண்ணே, அந்த ஜாடி…" என்று ஆரம்பித்தேன்.

"மை காஞ்சிருச்சா பாரு" என்றார்.

எழுதிய பெயரை அடிக்க ஒரு முறை உண்டு. சிவப்பு மையால் ஒரே கோடு, ஓரத்தில் கையெழுத்து, காரணம். சிவப்பு மைக்கூடு என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். எனக்கு இருபத்தொரு வயது. நான் மை உறிஞ்சும் காகிதத்தை எடுத்து ஒற்றினேன்.

மறுவாரம் ஜப்பான் துரையின் சுற்றறிக்கை வந்தது. வாகனங்கள் நிற்கும் கட்டடங்களில் விளக்கு எரியக் கூடாது. தமிழில் மொழிபெயர்த்து ஒட்டியவன் நானேதான். நல்ல மொழிபெயர்ப்பு. சண்டை முடியும் வரை சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கார்கள் இருட்டில் நின்றன.

அவர் போன இரண்டாவது மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி அலமாரியில் மருந்து இல்லை. டவுனில் ஒரு சீன வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். காரைக் கேட்கத் துணிச்சலில்லை, கேட்டாலும் ஓட்ட ஆளில்லை. அக்கா நடந்தே போனார். நான் குடை பிடித்துக்கொண்டு கூட நடந்தேன். பாதி வழியில் திரும்பினோம்.

சயாமில் லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்தார்களாம். தொழில் டிரைவர் என்று இருந்ததைப் பார்த்துப் பாறை சுமக்கும் கும்பலிலிருந்து பிரித்து லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். சண்டை முடிந்து பல மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். கால்களில் புண் ஆறிய தழும்பு, வாயில் பாதிப் பல். பழைய தோட்டத்துக்கு வரவில்லை. பீடோங்கில் சீன முதலாளியான ஒரு தவுக்கேயிடம் லாரி ஓட்டப் போய்விட்டார்.

நான் அவரைப் பார்க்கப் போகப் பல வருடங்கள் ஆயின. அதற்குள் வேறொரு தோட்டத்தில் பெரிய கிராணி ஆகியிருந்தேன். வண்ணப்பூச்சு செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆபீஸ் விஷயமாக எழுதும்போது, கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். செட்டுக்குள் எரியும் சாதாரண பல்பு காரின் நிறத்தைக் கெடுக்குமா? சாம்பல் பூத்ததையும் நிக்கலில் பச்சை ஏறியதையும் விவரமாக எழுதினேன். பதில் வந்தது. பல்பு அந்த அளவுக்குக் கெடுக்காது. மிக அருகில் இருந்தால் சூட்டினால் கொஞ்சம் மங்கலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அமில ஆவி பட்டதாகத் தோன்றுகிறது. வாதத்தில் ஜெயித்ததைக் காட்டத்தான் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. அமிலம் என்ற சொல்லை அவர் முன்னால் வைக்க எனக்கு வேறொருவர் கையெழுத்து தேவைப்பட்டது.

பீடோங்கில் தவுக்கேயின் கிடங்குக்குப் பின்னால் பலகை வீடு. அக்கா என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. "கலியாணம் பண்ணிட்டியா தம்பி? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே" என்று கன்னத்தைத் தடவிவிட்டு, கோப்பி கலக்க உள்ளே போனார். போகிற போக்கில் சொன்னார்: "அந்தப் பாழாப்போன பல்பு மட்டும் இல்லாட்டி எம்புள்ள இப்ப ஒன் தோள் ஒசரம் நிப்பான். இந்த மனுஷனுக்குப் பல்பு ஆவாதுன்னு ஊரே சிரிச்சுச்சு. கடசில அதானே குடியக் கெடுத்துச்சு."

டிரைவரண்ணன் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் படித்து, தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னேன்.

"ஆசிட்டுன்னு எழுதியிருக்கானா?"

"ஆமாண்ணே."

"எந்த எடத்துல? காட்டு."

விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்தச் சொல்லின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டார். அக்கா கோப்பியோடு வந்தார்.

"என்னா கடுதாசி?"

"காடிக்குச் சாயம் செய்யற கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். தம்பி கேட்டிருக்கு" என்றார். "பல்புதான் கெடுக்கும்னு எழுதியிருக்கான்."

அக்கா கோப்பியைக் கீழே வைத்தார். கணவரை நம்பாமல் இல்லை. படித்தவன் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா தம்பி எழுதியிருக்கான்?"

டிரைவரண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் கடிதத்தின் மேலேயே இருந்தது.

"ஆமாக்கா" என்றேன். "பல்புன்னுதான் எழுதியிருக்கான்."